பசப்பு

கொடைக்கானலில் சிறுவயதில் நான் தெருவில் கேட்ட வசை 'பசப்பி'. இனிக்கப் பேசி, அழுது, காரியம் சாதிப்பவள் என்று பொருள். ஓர் ஆணை அப்படித் திட்டி நான் கேட்டதில்லை.

திருக்குறளின் 119-ஆம் அதிகாரம் 'பசப்புறு பருவரல்'. அங்கே பசப்பு என்பது பிரிவுத் துயரில் பெண்ணின் மேனி நிறம் மாறுவது. வாய் மறைத்தாலும் உடல் சொல்லிவிடும் உண்மை அது. அதே சொல் எப்படிப் பெண்ணின் பொய்க்குப் பெயரானது?

உடல் சொன்ன உண்மையை எங்கள் மலையும் நம்பவில்லை. 2001-இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு கிடந்தது அம்பலமாகி, ஆலை மூடப்பட்டது. நோயைச் சொன்ன தொழிலாளர்களிடம், வேலையால் உடல்நலத்துக்குத் தீங்கில்லை என்றது இந்துஸ்தான் லீவர். 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் வந்தது. மேனி வெளுக்கும் என்று பெண்களுக்குக் கிரீம் விற்றதும் அதே நிறுவனம்தான். அந்தப் பேச்சை யாரும் பசப்பு என்று சொல்லவில்லை. அறிக்கை என்றோம், விளம்பரம் என்றோம்.

அதிகாரம் இல்லாதவள் கெஞ்சித்தான் பேச வேண்டியிருக்கிறது. அவளை யாராவது பசப்பி என்றால் இப்போது கேட்கிறேன்: நேராகப் பேச அவளை எப்போது விட்டீர்கள்?