தூய்மை யாருடையது? உடவத்தகெலேயும் மஹய்யாவவும்

ஓரிடம் தூய்மையானது என்று கருதப்படும்போது, அத்தூய்மை அழுக்கிலிருந்து விலகி நிற்பதால் வந்ததா, அழுக்கைக் கையால் எடுத்து அகற்றுவதால் வந்ததா என்பது பௌத்தமும் சைவமும் நெடுங்காலமாக எதிர்கொண்டு வரும் வினாவாகும். இலங்கையின் கண்டி நகரில் இவ்வினா நூல்களோடு நின்றுவிடுவதில்லை. புத்தரின் தந்தத்தைப் பேணும் தலதா மாளிகைக்குப் பின்புறம் எழும் உடவத்தகெலே வனம் விலகி நிற்கும் தூய்மைக்கு இருப்பிடமாக உள்ளது. அவ்வனத்துக்கு வடமேற்கே, ஏ9 வீதியும் மாத்தளை செல்லும் ரயில் பாதையும் ஊடறுத்துச் செல்லும் மஹய்யாவ, அகற்றும் தூய்மைக்கு இருப்பிடமாக உள்ளது. நடந்து போகும் தூரத்தில் அமைந்த இவ்விரண்டில் எது எதன்மேல் நிற்கிறது என்று கேட்பது கண்டியின் சமய வாழ்வையே உரசிப் பார்ப்பதாகும்.

உடவத்தகெலே கண்டி மன்னர் காலத்தில் அரண்மனைக்குரிய வனமாக இருந்தமையால் பொதுமக்கள் அதனுள் நுழையத் தடை இருந்தது. பிரித்தானியர் ஆட்சியில், 1856இல், அது ஒதுக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 104 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வனம் நகரத்தின் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்க, அதன் ஓரங்களில் பழைய குடியிருப்புகளும் உள்ளே பிக்குகளின் ஆரணியங்களும், அதாவது ஊரை விட்டு ஒதுங்கித் தியானம் செய்வோரின் வன உறைவிடங்களும், அமைந்துள்ளன. ஜெர்மனியில் பிறந்து இலங்கையில் துறவு பூண்ட ஞானபோனிக தேரர் (1901–1994) 1952 முதல் இங்கு வாழ்ந்தார். 1958இல் கண்டியில் தொடங்கப்பட்ட பௌத்த வெளியீட்டுச் சங்கத்தின் நிறுவுநர்களுள் ஒருவராகி, தேரவாத நூல்களை உலகெங்கும் கொண்டு சென்றார்.

மஹய்யாவவின் வரலாறு வேறு வகைப்பட்டது. 1865ஆம் ஆண்டின் மாநகர சபைகள் சட்டத்தின் வழியே கண்டி மாநகர சபை தோன்றிய பின்னர், தெருக்கூட்டவும் மலசலம் அகற்றவும் கான்களைத் துப்புரவாக்கவும் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர் அமர்த்தப்பட்டனர். நகரின் மயானமும் அமைந்துள்ள இப்பகுதியில், சபைக்குரிய குடியிருப்புகளில் அவர்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். காலிங்க டியூடர் சில்வா, பி.பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் 2009இல் பதிப்பித்த, இலங்கையில் மறைந்து செயற்படும் சாதிப் பாகுபாட்டைப் பற்றிய ஆய்வுத் தொகுப்பு இத்தகைய சமூகங்களின் நிலையை விரிவாக ஆராய்கிறது. சாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசாத சமூகத்தில் குடியிருப்பின் பெயரே சாதியின் பெயராக மாறிவிடுவதால், பள்ளியிலும் வேலை தேடும் இடத்திலும் முகவரியைச் சொல்வதே ஓர் இளைஞனுக்கு இடராகிவிடுகிறது.

வனத்தில் தியானிக்கும் துறவியும் தெருவில் குப்பை அள்ளும் தொழிலாளியும் ஒருவருக்கொருவர் எதிரானவர்கள் என்று தோன்றலாம். ஆனால் துறவி மேற்கொள்ளும் பயிற்சியின் உள்ளடக்கத்தை நோக்கினால் அவ்வெண்ணம் நிலைக்காது. ஞானபோனிக தேரர் தம் முதன்மையான நூலில் விளக்கிய சதிபட்டானம், அதாவது உடல், உணர்ச்சி, உள்ளம், உள்ளப்பொருள் ஆகியவற்றை இடையறாது விழிப்புடன் நோக்கும் பயிற்சி, உடலை அதன் அசுத்தங்களோடு முழுமையாகக் காணச் சொல்கிறது. மயிர், நகம், பல், தோல் என்று தொடங்கி மலம், பித்தம், சளி, சீழ், வியர்வை, சிறுநீர் வரை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கவும், சுடுகாட்டில் கிடக்கும் பிணம் வீங்கி நிறம் மாறி எலும்பாகிப் பொடியாவது வரை மனத்தால் பின்தொடரவும் அப்பயிற்சி பணிக்கிறது. குப்பைமேட்டிலும் மயானத்திலும் எறியப்பட்ட கந்தலைத் தைத்து உடுக்கும் பாம்சுகூல விரதமும், விகாரை முற்றத்தைக் கூட்டுவதால் ஐந்து நன்மைகள் விளையும் என்று விநயப் பிடகத்தின் பரிவாரம் உரைப்பதும் இதே நோக்கினவே. ஆகவே பௌத்தத் துறவு ஊரிலிருந்து விலகினாலும் அழுக்கிலிருந்து விலகுவதில்லை; பிறர் முகம் சுளித்து விலகும் அழுக்கை நேர்நின்று நோக்குவதே அதன் வழி. வனத்தில் மனத்தால் செய்யப்படும் அதனை மஹய்யாவவின் மக்கள் நாள்தோறும் கையால் செய்கின்றனர்.

சைவத்திலும் இதற்கு இணையான நெறி உண்டு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவ சித்தாந்தம் வகுக்கும் நான்கு படிகளுள் முதலாவதாகிய சரியை உடலால் செய்யும் தொண்டாகும். திருக்கோயிலை அலகிடுதல், அதாவது கூட்டிப் பெருக்குதல், மெழுகுதல் ஆகியன அதில் அடங்கும். திருநாவுக்கரசர் கையில் உழவாரப் படை ஏந்திப் புல் செதுக்கிக் கோயில் வெளிகளைச் செம்மைப்படுத்தினார். இன்றும் கோயில்களில் உழவாரப் பணி என்று அடியார்கள் கூடிச் செய்வது அவர் வழிவந்ததே.

ஆயினும் இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டுவது அநீதியாகிவிடும். திருநாவுக்கரசர் உழவாரப் படையைத் தாமே விரும்பி எடுத்தார்; பிக்கு கந்தலைத் தாமே தேர்ந்து உடுத்தார்; விரும்பியபோது அவற்றைக் கீழே வைக்கவும் அவர்களால் முடிந்தது. பிறப்பினால் துடைப்பம் கையில் திணிக்கப்பட்டவருக்கு அத்தேர்வு இல்லை. தேர்வு இல்லாத உழைப்பைத் தொண்டு என்று போற்றிவிட்டு, கூலியையும் பாதுகாப்பையும் மதிப்பையும் மறுப்பது சமயச் சொற்களால் சுரண்டலை மூடுவதேயாகும். போற்றுதல் மெய்யானதா என்பதை அறிய ஒரு வழிதான் உண்டு: போற்றுவோர் அப்பணியின் சுமையில் எவ்வளவு பங்கேற்கின்றனர் என்று பார்ப்பது.

இரு மரபுகளும் இச்சோதனையை அறிந்திருந்தன. பௌத்தத் துறவிகளின் பாடல் தொகுப்பான தேரகாதையில் வரும் சுனீதர் இழிந்ததாக எண்ணப்பட்ட குடியில் பிறந்து, வாடிய மலர்களைப் பெருக்கி அகற்றும் தொழில் செய்து, புத்தரால் அழைக்கப்பட்டுத் துறவியாகி, தேவர்களும் வணங்கும் நிலை பெற்றவர். அவர் சங்கத்தில் சேர்வதற்கு முன் எந்தச் சடங்கினாலும் தூய்மையாக்கப்படவில்லை. பெரியபுராணத்தின் திருநாளைப்போவாரோ, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்த அடியாராக இருந்தும், தில்லையில் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே இறைவன் திருமுன் சென்றார். அன்பின் பெருமையைப் பாட வந்த காப்பியம் சாதியின் வாயிலை முழுவதும் திறந்துவிடவில்லை என்பதை அத்தீ காட்டுகிறது.

சுனீதரைப் போற்றும் மரபும் நடைமுறையில் அவரை மறந்தது. 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரர் வந்து கண்டியில் உபசம்பதையை, அதாவது முழுத் துறவேற்பை, மீண்டும் நிலைநாட்டிய சில ஆண்டுகளிலேயே சியாம் நிகாயம் எனும் துறவியர் பிரிவின் உபசம்பதை சிங்களவருள் உயர்ந்ததாகக் கருதப்படும் கொவிகம சாதியினருக்கு மட்டுமே உரியதாக வரையறுக்கப்பட்டது. விலக்கப்பட்டோர் பர்மா சென்று துறவேற்றுத் திரும்பி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமரபுர நிகாயத்தை நிறுவ நேர்ந்தது. வட இலங்கையில், 1968இலும்கூட, மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுள் நுழைய ஒடுக்கப்பட்ட தமிழர் போராட வேண்டியிருந்தது. குற்றம் ஒரு சமயத்துக்கோ ஓர் இனத்துக்கோ மட்டும் உரியதன்று.

எனவே தொடக்க வினாவுக்கு விடை இதுவாகும்: விலகி நிற்கும் தூய்மை எதுவும் தனித்து நிற்பதில்லை, யாரோ ஒருவர் அகற்றிய அழுக்கின் மேல்தான் அது நிற்கிறது. தலதா மாளிகையின் ஆண்டுப் பெருவிழாவான எசல பெரஹராவில் யானைகளும் கூட்டமும் கடந்து சென்ற வீதிகள் மறுநாள் வழிபாட்டுக்குத் தகுதியாவது கூட்டுவோரின் உழைப்பால்தான். 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட புனித நகரின் புனிதத்தில் அவர்களுக்கும் உரிமைப் பங்கு உண்டு. அப்பங்கை ஏற்பது வீட்டு வாசலிலேயே தொடங்க வேண்டும். உணவுக் கழிவோடு உடைந்த கண்ணாடியையும் ஒரே சொப்பிங் பையில் கட்டி வைக்கும் வீட்டார் அறியாமலேயே ஒருவரின் விரலைக் கிழிக்கின்றனர். கழிவைப் பிரித்து வைப்பதும் கண்ணாடியைத் தனியே சுற்றிக் குறியிட்டுக் கொடுப்பதும் அவ்வீட்டார்க்குரிய சரியையாகும். வனத்தோரப் பள்ளங்களில் குப்பையை உருட்டிவிடாதிருப்பதும் அவ்வாறே. கையுறையும் நியாயமான கூலியும் நிரந்தர நியமனமும் வழங்குவது ஆள்வோரின் கடமை. மஹய்யாவ என்ற முகவரியைக் கேட்டதும் ஒரு பிள்ளையின் தகுதியை எடைபோடாமல் இருப்பது பள்ளியின், அலுவலகத்தின் கடமை. சுனீதரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் நகரமும் உழவாரப் பணியைக் கொண்டாடும் சமூகமும் தாம் கற்பிப்பதை நம்புகின்றனவா என்பது, துடைப்பத்தைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதும் மஹய்யாவவில் பிறக்கும் ஒருவரின் சொந்த விருப்பமாக அமையும் நாளில்தான் உறுதிப்படும்.