பெரிய மனிதர் யார்?



செல்வாக்குள்ளவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சினிமா, பத்திரிகை முதலிய தொழில்களை ஆட்டிப்படைக்கும் முதலாளியை 'மோகல்' என்பார்கள். அது டில்லியை ஆண்ட மொகலாயரின் பெயர். பெருவணிகரை 'டைக்கூன்' என்பார்கள். அது ஜப்பானிய ஷோகனுக்கு வழங்கிய பட்டம். இவற்றுள் நமக்கு மிக அருகிலிருந்து போன சொல் 'நேபாப்'. அது வேறொன்றுமல்ல, நம்முடைய நவாபுதான்.

நவாபு என்னும் சொல்லுக்கு மூலம் அரபு. அதன் பொருள் பதிலாள், அதாவது அரசனுக்காக நின்று காரியம் பார்ப்பவன். அவன் கையிலுள்ள அதிகாரம் அவனுக்குச் சொந்தமன்று, ஒப்படைக்கப்பட்டது. ஆனால் 18-ம் நூற்றாண்டில் இந்தியாவில் பொருள் குவித்துத் தாயகம் திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தரை இங்கிலாந்து மக்கள் இப்பெயரால் ஏளனம் செய்தார்கள். 1772-ல் லண்டனில் இதே பெயரில் ஒரு நகைச்சுவை நாடகமும் நடந்தது.

அந்தப் பொருள் எப்படிச் சேர்ந்தது? தூரம் போகவேண்டாம். 1773-ல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, கம்பெனிப் பட்டாளத்தின் துணையோடு, நம் காரைக்காலைச் சூழ்ந்திருந்த தஞ்சாவூர் இராச்சியத்தைப் பிடித்தார். 1776-ல் மேலிடத்து உத்தரவுப்படி சென்னைக் கவர்னர் பிகட் பிரபு அதை அரசர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். அப்போது பால் பென்ஃபீல்டு என்னும் கம்பெனி உத்தியோகஸ்தர் குறுக்கே வந்தார். நவாபுக்கும் தஞ்சைக் குடிகளுக்கும் தாம் 2,34,000 பவுன் கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடு தஞ்சையின் வரியும் வயலில் நின்ற விளைச்சலுமே என்றும் வாதாடினார். கவர்னர் இணங்கவில்லை. அவருடைய ஆலோசனைச் சபையாரே அவரைச் சிறைப்பிடித்தார்கள். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார்.

இதில் ஒரு விநோதம் உண்டு. கம்பெனியார் தங்கள் உத்தியோகஸ்தர்களைக் குறித்த பெயர் 'சர்வெண்ட்', அதாவது ஊழியன்! பெயரில் ஊழியம் இருந்தது. கையில் குடியானவனின் நெல் இருந்தது. ஆகவே பணிவான பெயர் மட்டும் ஒருவரைப் பணிவுள்ளவராக்கிவிடாது.

'மினிஸ்டர்' என்ற சொல்லையும் பாருங்கள். இலத்தீனில் அதற்குப் பணியாள் என்று பொருள். 'குறைவு' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. அர்ச். பெரிய கிரகோரி பாப்பானவர் தம்மை ஊழியர்களுக்கு ஊழியன் என்றே எழுதிக்கொண்டார். பீடத்தில் நிற்கும் குருவுக்கும் இதே தராசுதான்.

அப்படியானால் யாருக்கும் மரியாதை செய்யவேண்டாமா? செய்யத்தான் வேண்டும். வயதுக்கும், கல்விக்கும், பொறுப்புக்கும் மரியாதை நியாயமான கடன். ஆனால் மரியாதை வேறு, முகஸ்துதி வேறு. பொறுப்பிலிருப்பவர் யாருக்காக நிற்கிறாரோ, அவர்களுக்குரிய மரியாதையையே நாம் அவரிடம் கொடுத்து வைக்கிறோம். 'இவர் யாருக்காக நிற்கிறார்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நாம் வணங்குவது அவருடைய பணத்தையே.

வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம். முன் நாற்காலியில் இருப்பவரிடம் முதலில் கேட்கிறோம். மண் எங்கே மேடிட்டிருக்கிறது என்பதைக் கடைமடையில் அரைக்காணி பயிரிடுகிறவர் அறிவார். அவர் ஓரமாய் நிற்கிறார்; அவரை யாரும் கேட்பதில்லை. தண்ணீர் வராமல் பயிர் காய்ந்த பிறகு, 'முன்பே சொல்லியிருக்கக்கூடாதா?' என்கிறோம். அவரைச் சொல்லவிடாதது யார்? பெரிய மனிதர் மட்டுமல்ல; அவர் பேசினால் போதும் என்று வாய்மூடியிருந்த நாமும்தான்.

பட்டங்கள் தாமாக முளைப்பதில்லை. அவற்றைச் சூட்டுகிறவை நம் நாவுகளே. ஆகையால் பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் கேட்க ஒருவரைப் பெரிய மனிதர் என்று சொல்லும்போது, அவரால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றும் அகப்படாவிட்டால், அவர் பெயரை மட்டும் சொன்னால் போதும்.