உவர்ப்பின்மையும் செவிலியர் கல்வியும்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் சிராவகக் குடும்பங்களில் எழும் வினா ஒன்றை இங்கு ஆராய விழைகிறோம். பொறியியல் படிக்கலாமா, வணிகவியல் படிக்கலாமா என்று கேட்டு எவரும் அறநூலைப் புரட்டுவதில்லை. பெண்ணொருத்தி ‘நர்சிங் படிக்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் மட்டும் வீட்டில் தருமம் விழித்துக்கொள்கிறது. பிறர் மலசலத்தைத் தொடவேண்டுமே, நோயாளிக்கு முட்டை ஊட்டவேண்டுமே, கிருமிகளைக் கொல்லவேண்டுமே, இரவெல்லாம் விழித்திருக்கவேண்டுமே என்று தடைகள் அடுக்கப்படுகின்றன. இவற்றுள் சில மெய்யாகவே தரும சங்கடங்கள். சில, அருவருப்பு தருமத்தின் ஆடையைப் போர்த்திக்கொண்டு வருபவை. இரண்டையும் பிரித்தறிவது பெற்றோர் கடன்.

முதலில் அப்பெண்கள் யாது கற்கின்றனர் என்பதைக் காண்போம். நம் திருப்பத்தூர் வட்டாரத்தார்க்கு இக்கல்வி புதிதன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணியில் 1909-இலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1946-இல் அது பட்டம் தரும் கல்லூரியாயிற்று. திருப்பத்தூரிலேயே 1921-இல் சவரிராயன் ஜேசுதாசன் என்னும் தமிழரும், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். மருத்துவர்களாகிய அவ்விருவரையும் ஊரார் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். பிற சமயத்தார் நடத்திய நிலையங்களாயினும், அவற்றால் நலம் பெற்றவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு.

பட்டப்படிப்பு நான்காண்டு, பட்டயப்படிப்பு இப்போது மூன்றாண்டு. உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து, உளவியல், சமூகவியல் ஆகியவை தொடக்கத்தில் வருகின்றன. மருந்தியல், அறுவை மற்றும் பொது மருத்துவச் செவிலியம், குழந்தை நலம், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம் என்பன அடுத்து வருகின்றன. ஏட்டுக்கல்வி ஒரு பகுதியே. படுக்கை விரிப்பில் சுருக்கம் விழாமல் விரிப்பது ஒரு பாடம். நாடித்துடிப்பை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுவது ஒரு பாடம். எழ இயலாதவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் காப்பது, படுக்கையிலேயே உடல் துடைத்துவிடுவது, பெட்பேன் வைத்து எடுப்பது, உயிர் பிரிந்த உடலைத் தூய்மை செய்து உறவினரிடம் ஒப்படைப்பது என எல்லாவற்றுக்கும் முறை உண்டு. முதலில் பொம்மை மீது செய்துகாட்டி, ஆசிரியை ஒப்பிய பிறகே வார்டுக்குள் விடுவர். நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது உயிருள்ள நாற்பது பிள்ளைகள் முன்னால் நேரடியாக நிறுத்திவிட்டார்கள். இதில் அவர்கள் நம்மைவிட நேர்த்தியானவர்கள் என்றே சொல்லவேண்டும்.

இனி, அருவருப்பை எடுத்துக்கொள்வோம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது நிர்விசிகிச்சை, தமிழில் உவர்ப்பின்மை. இயல்பாகவே தூய்மையற்ற உடலை வெறுக்காது குணத்தை விரும்புதல் என்பர் பெரியோர். இதற்கு எடுத்துக்காட்டாக நம் நூல்கள் கூறுவது உத்தாயண மன்னன் கதையை. தேவனொருவன் நோயுற்ற முனிவர் வடிவில் வந்து, உணவேற்று, அரசனும் அரசியும் நிற்கும் இடத்திலேயே வாந்தியெடுத்தான். அவர்கள் முகம் சுளிக்காமல், தாம் அளித்த உணவே தீங்கு செய்ததோ என்று வருந்தி, நீர் கொணர்ந்து அவரைக் கழுவித் துடைத்தனர். இக்கதையைச் சொற்பொழிவில் கேட்டுக் கண் கசியும் நாம், அதே செயலை நம் பெண் நாள்தோறும் செய்யப்போகிறாள் என்றவுடன் பின்வாங்குவது ஏன்?

‘உத்தாயணன் தொண்டு செய்தது முனிவர்க்கு, இவள் செய்வது யாரோ ஒருவர்க்கு’ என்று விடை வரலாம். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. அகத்தவம் ஆறனுள் ஒன்றாகிய வையாவிருத்தியத்தைத் தத்துவார்த்த சூத்திரம் பத்து வகையார்க்கு உரியதாக்குகிறது. ஆசாரியர், உபாத்தியாயர், தவசிகள் என்று தொடரும் அவ்வரிசையில் நோயுற்றவரும் உண்டெனினும், அச்சொல் நோயுற்ற துறவியையே குறிக்கும். எனவே வார்டில் செய்யும் பணியை வையாவிருத்தியம் என்று பெயர் சூட்டி மகிழ நாம் முற்படவில்லை. ஆனால் இல்லறத்தார்க்கு விதித்த நால்வகைத் தானத்துள் ஔஷத தானமும் அபய தானமும் உள்ளன. துன்புற்றோர் எவராயினும் கருணையால் அளிக்கும் தானம் நமக்கு விலக்கப்பட்டதன்று. ஊதியம் பெறுவதால் அது தானமாகாது என்பாரும் உளர். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுத்தறிவித்த நாம் அவர்களோடு வாதிடும் தகுதியற்றவர்கள். எனினும், சம்பளம் வேலையைச் செய்ய வைக்கும்; வலியில் முனகுபவரின் வாயருகே காதைக் கொண்டுபோய்க் கேட்க வைக்காது.

கிருமிகளுக்கு வருவோம். ஆட்டோக்ளேவ் என்னும் கலத்தில் 121 பாகை வெப்பத்தில், அழுத்த நீராவியில் கருவிகளைப் பதினைந்து நிமிடமேனும் வைத்துத் தூய்மை செய்வர். உயிர்கள் மடிகின்றன என்பது உண்மை. ஆனால் நம் முன்னோர் பெரும்பாலும் உழவர் என்பதை மறக்கலாகாது. கொழுமுனையில் மடிந்த உயிர்களை எண்ணியும் அவர்கள் ஏரைக் கைவிடவில்லை. மனமறிந்து கொல்லும் சங்கல்ப ஹிம்சையை விலக்கி, ஆரம்பத்தாலும் தொழிலாலும் நேர்வதை இயன்றவரை குறைத்து வாழ்வதே இல்லறத்தார் அணுவிரதம். மேலும், ஹிம்சைக்கு இலக்கணம் கூறும் தத்துவார்த்த சூத்திரம், சோர்வுற்ற மனநிலையால் உயிரைப் பிரித்தலையே முன்வைக்கிறது. அப்பிரமாதம் என்னும் சோர்வின்மையை இக்கல்வி கற்பிப்பதுபோல் வேறொரு கல்வி கற்பிப்பதை நாம் கண்டதில்லை. சரியான நோயாளியா, சரியான மருந்தா, அளவு சரியா, செலுத்தும் வழி சரியா, நேரம் சரியா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பின்னரே ஊசி குத்தவேண்டும். வகுப்பில் நாம் செய்த பிழையை ஈரத்துணியால் கரும்பலகையிலிருந்து துடைத்துவிட்டோம். அங்கே அவ்வசதி இல்லை. தண்ணீரை வடிகட்டிக் குடித்து, கண்ணுக்குத் தெரியாத உயிரும் உண்டென்று தெரிந்து வளர்ந்த பெண்ணுக்கு நுண்ணுயிரியல் முதல்நாளே பாதி புரிந்துவிடும்.

முட்டைதான் கடினம். ஊட்டச்சத்துச் செய்முறையில் நோயாளிக்கான உணவுகளைச் சமைத்துப் பழகும்போது முட்டைப் பானமும் வரக்கூடும். வார்டில் குழாய் வழியே ஊட்டும் உணவிலும் அது இருக்கலாம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில் என்று கற்ற நாம், இதில் குற்றமேயில்லை என்று சொல்லமாட்டோம். பயிற்சியில் பால், பருப்பு, வேர்க்கடலை கொண்டு அதே அளவு புரதம் தரும் உணவைச் செய்ய அனுமதி கேட்கலாம்; கேட்டால் மறுக்காத ஆசிரியைகள் உண்டு. ஆனால் மருத்துவர் எழுதிய உணவைத் தன் விரதத்தின் பொருட்டு நோயாளிக்குக் கொடாமல் விடுவது ஆகாது. அவர் பட்டினி கிடப்பதை அறிந்தே விடுவதாகும் அது. அதன் பாரம் பெரிது என்பது நம் துணிபு.

இன்னொன்றும் இவ்வூரில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலாளர் சுண்ணாம்பிலும் குரோமிய உப்பிலும் உழைத்துக் கைகால் புண்ணாகி மருத்துவமனைக்கு வருகின்றனர். தோற்பொருளைத் தீண்டாத குடும்பத்துப் பெண் அப்புண்ணைக் கழுவிக் கட்டவேண்டும். அவர்தம் பிள்ளைகளுக்குக் கைபிடித்து ‘அ’ எழுதக் கற்பித்த நாம், தோலின்மேல் கொண்ட விலக்கைத் தோல் தொழிலாளியின்மேல் ஏற்றுவதை எந்த ஆகமமும் சொல்லக் கேட்டதில்லை. ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டில், சமண முனிவர் உறைந்த அர்மாமலைக் குகை இருக்கிறது. அவர்களுக்குப் பிணி வந்தபோது யார் தொட்டுத் தூக்கினரோ!

கருக்கலைப்பு இவற்றினும் வேறு. 1971-ஆம் ஆண்டுச் சட்டமும் 2021-ஆம் ஆண்டுத் திருத்தமும் சில நிலைகளில் அதனை அனுமதிக்கின்றன. தாயின் உயிர் காக்க நேர்வதை ஒருவாறு ஏற்கலாம். ஏனையவற்றில் உடனிருக்க மனம் ஒப்பாத பெண், வேறு பிரிவில் பணி வேண்டிக் கேட்கலாம். எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. இதனைச் சேருமுன் தாயும் தந்தையும் மகளோடு அமர்ந்து வெளிப்படையாகப் பேசிவிடவேண்டும். பேசாமல் சேர்த்துவிட்டுப் பின்னர் அவளைத் தனியே தவிக்க விடுதல் முறையன்று.

இரவுப் பணியால் இராவுணவு விலக்கு கெடுமே என்பாரும் உண்டு. மாலையில் பகல் வெளிச்சத்திலேயே உண்டு பணிக்குப் போகலாம். விடுதியில் அந்நேரத்துக்கு உணவு தருவார்களா என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். சேரும் கல்லூரியில் முடித்தோரைத் தமிழ்நாடு செவிலியர் மன்றம் பதிவு செய்கிறதா, பயிற்சிக்குப் போதிய நோயாளிகள் வரும் மருத்துவமனை உடன் உள்ளதா என்பவற்றையும் நேரில் சென்று விசாரியுங்கள். பெண்ணையும் உடன் அழைத்துச் சென்று, ஒருநாள் வார்டைப் பார்க்கச் செய்யுங்கள்.