தாழ்வதும் தாழ்த்தப்படுவதும்

தெமோதரையைச் சுற்றிய சரிவுகளில் தேயிலை இடுப்பளவில் மட்டமாக நிற்கிறது. நாம் அதைச் செடி என்கிறோம். உண்மையில் அது மரம். கவ்வாத்துக் கத்தி சில ஆண்டுகளுக்கொருமுறை வெட்டிக் குறைக்காவிட்டால், ஆளுயரம் தாண்டி வளர்ந்து வெள்ளைப் பூக்கள் பூக்கும்.

தாழ்ந்து வாழும் வேறொரு செடி அந்தலூஸியாவில் உண்டு. கிரனாடாவுக்கு மேலே சியரா நெவாடா மலை. அதன் 3479 மீற்றர் உயரச் சிகரமான முலாசென், கிரனாடாவை ஆண்ட மௌலாய் ஹஸனின் பெயரைத் தாங்குகிறது. 1492இல் நகரம் கைமாறியது. சிகரத்தின் பெயர் அப்படியே நிற்கிறது. அம்மலையின் உயர்ந்த பகுதிகளில் அரினேரியா டெட்ராகுவெட்ரா என்ற சிறுசெடி, இலைகளை நெருக்கி அடுக்கித் தலையணைபோல் தரையோடு ஒட்டி வளர்கிறது. குளிர்காற்று அதற்கு மேலால் போய்விடும். அடியில் ஈரமும் மக்கிய இலையும் தங்கும். வேறு செடிகளும் அதனை அண்டிப் பிழைக்கின்றன. அதுவும் வெள்ளையாகத்தான் பூக்கிறது.

இரண்டும் தாழ்ந்தவைதாம். இரண்டையும் பணிவு என்று சொல்லிவிடலாமா?

செடிக்கு நிய்யத் கிடையாது. அதனிடம் நற்குணம் தேடுவதற்கில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம்: இந்தத் தாழ்வு யாருக்குப் பயன்படுகிறது? மலைச்செடியின் தாழ்வு அதன் உயிரையும் அயல் உயிர்களையும் காக்கிறது. தேயிலையின் தாழ்வு கொழுந்து பறிக்கும் கைக்கு எட்டுவதற்காக.

மனிதருக்கு வரும்போது இந்தக் கேள்வி கூர்மையாகிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடைப்பட்ட 55 ஆண்டுகளை அவர்களுடைய பொறுமை என்று புகழ்வது எளிது. அது கவ்வாத்தைப் பணிவென்று புகழ்வதற்கு ஒப்பானது.

நாமும் இதில் தப்பியவர்களல்லர். கூலி கேட்பவரிடமும் கணவனின் அடியைச் சொல்லி அழுபவளிடமும் "ஸப்ர் செய்" என்கிறோம். ஸப்ர் தன் துன்பத்தின் முன் ஒருவர் தாமே எடுக்கும் உறுதி. அதைப் பிறர் துன்பத்துக்கு நாம் விதிக்கும்போது நம் கையில் இருப்பது கவ்வாத்துக் கத்தி.

ஸஜ்தாவில் நெற்றி நிலத்தைத் தொடுகிறது. அதைவிடத் தாழ்ந்த நிலை உடலுக்கு இல்லை. அதைவிட உயர்ந்த நிலை அடியானுக்கும் இல்லை. ஒருவரின் பிடரியைப் பிடித்து அழுத்தினாலும் நெற்றி நிலத்தைத் தொடும். அதற்குப் பெயர் ஸஜ்தா அல்ல.