அந்த ஆளுக்கு வயல் எந்தப் பக்கம்?

பயிற்சித் தேர்வுக் கேள்வி ஒன்றை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். விற்பனைப் பிரிவு ஒன்றைக் கேட்கிறது, வாடிக்கையாளர் வேறொன்றைக் கேட்கிறார். எதை முதலில் செய்வது என்று யார் முடிவெடுப்பார்? திண்ணையில் இருந்த பெரியப்பா பதில் என்னவென்று கேட்டார். பிராடக்ட் ஓனர் என்று ஓர் ஆள் இருப்பார், அவர் போடுவதுதான் வரிசை என்றேன்.

"சரிம்மா, அந்த ஆளுக்கு வயலு எந்தப் பக்கம்? தலைமடையா, கடைமடையா?"

கேட்டுவிட்டு அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். அதன்பிறகு எனக்குப் படிப்பு ஓடவில்லை.

நான் எழுதப்போவது பிராடக்ட் ஓனர்களுக்காக ஸ்க்ரம்.ஆர்க் நடத்தும் பிஎஸ்பிஓ முதல்நிலைத் தேர்வு. 60 நிமிடத்தில் 80 கேள்விகள். தேற 85 விழுக்காடு வேண்டும். ஸ்க்ரம் என்ற குழுவேலை முறைக்குக் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதிய கையேடுதான் அடிப்படை. 2020 பதிப்பு பதினைந்து பக்கம்கூட வராது. பிராடக்ட் ஓனர் ஒற்றை ஆளாக இருக்க வேண்டும், குழுவாக இருக்கக் கூடாது என்கிறது அது. வேலைப் பட்டியலின் வரிசையை மாற்ற நினைப்பவர் அவரிடம் பேசி இணங்க வைக்கலாம். அவருடைய முடிவை நிறுவனமே மதிக்க வேண்டும். அவர் வயலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

எங்கள் பக்கத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். காவிரியிலிருந்து கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை ஒட்டிய மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைத்து விடுவார்கள். சிறுவயதில் அப்பாவின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு தலைப்புக்குப் போவேன். கரையில் நிற்பவர்கள் ஆற்றைப் பார்த்ததைவிட, ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அவர் எந்த ஊர், மாமனார் வீடு எங்கே, அது எந்த ஆற்றுப் பாசனம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

தெற்கத்திக் கண்மாய்ப் பாசனம் பற்றி எப்போதோ படித்தேன். புத்தகத்தின் பெயர் மறந்துவிட்டது. நீர்க்கட்டி பற்றிய பகுதி மட்டும் நிற்கிறது. பல ஊர்களில் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் அந்தப் பொறுப்பை நிலமில்லாதவரிடம்தான் கொடுத்தார்களாம். சொந்த வயல் இருந்தால் மண்வெட்டி அந்தப் பக்கம் சாயும் என்ற கணக்கு. கூலி, அறுவடையில் நெல்லாக. எல்லா வயலும் விளைந்தால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். என்ன அழகான ஏற்பாடு என்று அன்று வியந்தேன். இன்று உறுத்துகிறது. அந்த நிலமில்லாதவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். பெரிய நிலக்காரர் நடுராத்திரியில் மடையைத் திற என்றால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா?

அப்படியானால் குழுதான் மேலா? காவிரியில் ஒற்றை ஆளை யாரும் நம்பவில்லை. 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018இல் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதே ஆண்டில் மேலாண்மை ஆணையம். ஒவ்வொருவர் வயலும் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்த கூட்டம் அது. ஆனால் கூட்டம் பேசி முடிக்கும்வரை நாற்று பொறுத்திருப்பதில்லை. ஒற்றை ஆள் வேண்டும் என்று கையேடு அடம்பிடிப்பதன் நியாயம் அங்கே கொஞ்சம் புரிகிறது.

என் வேலையில் நான் வரிசை போடும் செயலியைப் பயன்படுத்துபவர்கள் வெளிநாட்டுச் சரக்குக் கிடங்குகளில் பெட்டி அடுக்குகிறவர்கள். அங்கே ஒரு பெட்டியையும் நான் தூக்கியதில்லை. வரிசை பிசகினால் கூடுதலாக நடப்பது அவர்கள் கால்கள். என் சம்பள உயர்வுக்குக் கையெழுத்திடுபவரோ, தினமும் விற்பனைப் பிரிவோடு பேசுகிறவர். என் வயல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று பெரியப்பா சொல்லிவிடுவார்.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பிராடக்ட் ஓனர் என்றே குறிப்பேன். ஆனால் வரிசை போடுகிறவருக்கு வயல் இருப்பது நல்லதா, இல்லாதது நல்லதா? ஒரு நாள் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, மறுநாள் கூடாது என்று. கடைமடையில் இருந்தால் சரியாக வருமோ என்றும் யோசிக்கிறேன். கடைமடைக்காரர் கைக்கு ஷட்டர் போன கதை எதையும் நான் கேட்டதில்லை. அதனால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.