மறுமைக்கா, மறுநாளுக்கா?

சொர்க்கம் இல்லை, நரகம் இல்லை, மேலே அமர்ந்து பாவ புண்ணியக் கணக்கெழுதும் எழுத்தன் எவனும் இல்லை என்று நாம் எடுத்துரைக்கும் மேடைதோறும், கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. "அப்படியானால் மனிதன் எதற்காக ஒழுங்காக வாழவேண்டும்? கைக்கு எட்டியதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுப் போகலாமே?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் கிண்டலுக்காகக் கேட்கலாம், கேள்வி கிண்டலுக்குரியதன்று. இதற்கு விடை தேட நாம் ஏதென்சு நகரத்துக்கும் இலண்டனுக்கும் போகவேண்டியதில்லை. சித்திரை வெயிலில் இராமநாதபுரம் சீமையின் கடற்கரைக்குப் போனாற்போதும்.

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய, 61 நாட்கள், இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் சினை கொள்ளும் காலம் இது. சினை மீனைச் சுரண்டி வந்தால் இன்று கூடை நிறையும். நாளை கடல் வெறுமையாகும். ஆகவே, கைக்கு எட்டும் தூரத்தில் செல்வம் நீந்திக்கொண்டிருக்க, மனிதன் கரையில் நிற்கிறான். கண்ணெதிரே இருப்பதை எடுக்காமல் நிற்பதைத்தானே நம் பெரியவர்கள் நோன்பு என்றார்கள்? இதோ நோன்பு! ஆனால் இதற்கு மந்திரமில்லை, மாவிளக்கில்லை, மறுபிறப்பில் பலனில்லை. பலன் ஆனி மாதத்திலேயே வலையில் தெரியும்.

நாட்டுப்படகுக்கு இந்தத் தடை இல்லை. எனவே சூடையும் காரலும் ஓரளவு கரைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். ஆயினும் அடுப்பில் மணப்பது பெரும்பாலும் கருவாடு. முன்பு பிடித்ததை உப்பும் வெயிலும் காத்துவைத்திருக்கின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் குண்டு மிளகாய், மானத்தை நம்பிப் பயிராகி, இதே கோடையில் செக்கச்செவேலெனக் களத்தில் காயும். அந்த மிளகாயை அரைத்துக் கருவாட்டுக் குழம்பு கூட்டி, பழைய சோற்றோடு உண்டவர்க்கு அறுசுவை விருந்தைப்பற்றி நாம் எடுத்துச்சொல்லத் தேவையில்லை.

கடல் அடைத்திருக்கும்போது பனை திறந்திருக்கிறது. சாயல்குடிப் பக்கம் பதநீர் இறங்குகிறது. சாலை ஓரத்தில் நுங்கு குவிகிறது. பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறவர், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும். தடவினால் பதநீராக நிற்கும். இந்தப் பதநீரைக் காய்ச்சிய கருப்பட்டிதான், அரிசி மாவோடும் தேங்காய்ப்பாலோடும் சேர்ந்து, மணிக்கணக்கில் கிளறப்பட்டு, கீழக்கரையில் தொதலாகிறது. மலேயாவிலும் இலங்கையிலும் ஏறத்தாழ இதே பெயரில் இதே பண்டம் உண்டு. மரக்கலம் ஏறிப் போய்வந்த இனிப்புக்கு எந்த மதம் என்று கேட்பார் உண்டோ?

பனை விதைத்தவன் பதநீர் குடிக்க 12 முதல் 20 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். வயதான கிழவர் ஒருவர் கொட்டையை ஊன்றுகிறார் என்றால், தாம் குடிப்பதற்காக அன்று. அவருக்கு எந்த வேதமும் ஆணையிடவில்லை. எந்தப் புரோகிதரும் தட்சணை வாங்கவில்லை. பின்னால் வருகிறவன் குடிக்கட்டும் என்ற எண்ணம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அதே இராமேசுவரத்தில் ஆடி அமாவாசையன்றும் தை அமாவாசையன்றும் கூட்டம் கடலில் இறங்குகிறது. மறைந்துபோன முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கிறது. அவர்கள் குடிக்கமாட்டார்கள், குடிக்க அவர்களுக்கு வாயுமில்லை. பத்து மைல் அப்பால் படகைக் கட்டிவைத்துக் காத்திருக்கிறவனோ, இனிப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளையின் சட்டிக்கு மீன் விட்டுவைக்கிறான். அந்தப் பிள்ளைக்கு வாயும் இருக்கும், வயிறும் இருக்கும். இறந்தோர்க்குச் செய்வது அறம். பிறப்போர்க்குச் செய்வது வெறும் பிழைப்பு என்று பிரித்துவைத்தவன் யார்?

பிரித்ததோடு நின்றானா? இழிவும் சுமத்தினான். பனையேறும் தொழிலோடு சேர்த்து எண்ணப்பட்ட நாடார் சமூகத்தார், 1897-இல் இச்சீமையின் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தபோது வழக்குத் தொடுக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும், 1908-இல், அவர்களுக்கு அந்த உரிமை இல்லையென்றே தீர்ப்பாயிற்று. கருப்பட்டி தித்தித்தது, அதை இறக்கித் தந்தவன் தீட்டானான்!

"மீன்பிடித் தடை சட்டமாயிற்றே, அபராதத்துக்கு அஞ்சி நிற்பதும் அறமாகுமோ?" என்று இடைமறிப்பாரும் உண்டு. நியாயமான கேள்வி. அச்சமும் அதில் கலந்திருப்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் இந்தச் சட்டத்துக்குக் காரணம் கேட்கலாம். காரணம் சொல்லியாகவேண்டும். முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 நாட்களாயிற்று. மாதத்தை மாற்றுங்கள் என்று வாதாடும் மீனவர்களும் இருக்கிறார்கள். ஏகாதசியை ஆராய்ந்து, இனி அதைப் பதினைந்து நாளுக்கொருமுறை வேண்டாம், பருவமறிந்து வைத்துக்கொள்வோம் என்று யாரேனும் திருத்தம் கொண்டுவர முடியுமா?

காரணம் கேட்கத் தொடங்கினால், அது ஜூன் 14-ஆம் நாள் நள்ளிரவோடு நின்றுவிடாது. அடித்தரையைச் சுரண்டும் இழுவை மடி மற்ற நாட்களில் மட்டும் சினையை விட்டுவைக்குமா? இலங்கை 2017-இல் அம்முறையைச் சட்டத்தால் தடுத்தது. எதிர்க்கரையில், போரில் நலிந்து மீண்டும் வலை எடுத்த யாழ்ப்பாணத்து மீனவனும் மன்னார் மீனவனும் தமிழர்களே. நம் படகின் மடியால் அவர்கள் வலை அறுகிறது என்றால், இலங்கைக் கடற்படையின் கொடுமையைக் கண்டிக்கும் அதே வாயால் அதையும் நாம் பேசத்தான் வேண்டும். கசப்பான பேச்சு, கைதட்டல் கிடைக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. நமக்கு அதுதான் பெரிதாகப்படுகிறது. சினை மீன் பிழைத்தால் பயன் யாருக்கு? மதுரையில் மீன் வாங்குகிறவருக்கு, சென்னையில் உணவுவிடுதி நடத்துகிறவருக்கு, வெளிநாட்டுக்கு இறால் அனுப்பும் வணிகருக்கு, அந்நியச் செலாவணி எண்ணும் அரசுக்கு, கடைசியில் மீனவருக்கு. பட்டினி மட்டும் யாருக்கு? 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், தடைக்கால உதவித்தொகை குடும்பத்துக்கு 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். உயர்வை வரவேற்கிறோம். 61 நாளுக்கு வகுத்துப் பார்த்தால், ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். வலை ஏறாத நாளில் கரையில் பனிக்கட்டி உடைப்பவர்க்கும் கூலியில்லை. மீனைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் கூடை சுமப்பவர்க்கும் வேலையில்லை. காதிலும் கழுத்திலும் கிடந்தது அடகுக்கடைக்குப் போகிறது. வட்டி மட்டும் தடைக்காலம் பார்ப்பதில்லை.

எல்லார்க்குமான நோன்பை ஒரு கரையின் வயிறு மட்டும் இருந்து முடிக்கவேண்டும் என்பது எந்த நியாயம்? ஏற்றுமதி வருமானத்தில் ஒரு பங்கு இதற்கென ஒதுக்கப்படட்டும். கரைத் தொழிலாளரின் பெயர்கள், பெண்களின் பெயர்களும் சேர, பட்டியலில் ஏறட்டும். அடகுக் கடனுக்கு அந்த இரண்டு மாத வட்டியைக் கூட்டுறவுச் சங்கம் ஏற்கட்டும். கடற்கரையூர்களில் படிப்பகம் நடத்தும் இளைஞர்கள், அடுத்த ஏப்ரல் பிறக்குமுன், தெருத்தெருவாக நடந்து அந்தப் பட்டியலை எழுதத் தொடங்கலாம்.