சொல்லிக்காட்டாதே, சொல்லிவிடு

செய்த உதவிக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாத நண்பனை என்ன செய்வது? விலகிவிடுவதா, பொறுத்துப் போவதா, முகத்துக்கு நேரே கேட்டுவிடுவதா? மலேசியாவின் உலு திராமில் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு உண்டு. விடிவதற்குள் சிங்கப்பூருக்கும் பாசிர் கூடாங்குக்கும் மோட்டாரில் கிளம்பிவிடுகிறவர்கள் நிறைந்த ஊர் இது. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட, பெரியவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக, நண்பனோ பக்கத்து வீட்டாரோதான் துணை. உதவி இல்லாமல் இங்கே ஒரு நாள் நகராது.

என் பள்ளித் தோழன் ஒருவன் அக்கரையில், சிங்கப்பூரில், வேலை பார்க்கிறான். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் அங்கேயே தங்கிவிட்டான். எல்லைப் பாலம் பழையபடி எல்லாருக்கும் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. அதுவரை தனியாக இருந்த அவன் அம்மாவை என் வீடுதான் பார்த்துக்கொண்டது. மாத்திரை, சந்தைச் சாமான், கரண்ட் பில், மைசெஜாத்ரா செயலியில் தடுப்பூசிப் பதிவு, எல்லாம். அவன் திரும்பி வந்த மறுநாள் காலையில் என் வாசலில் நின்றான். “மச்சான், மோட்டார் ஸ்டார்ட் ஆகல. பேட்டரி போச்சு போல. காடிய எடு, ஒர்க்‌ஷாப் வரைக்கும் போய்ட்டு வந்துருவோம்” என்றான். அவ்வளவுதான்.

“அத்தனை நாள் ஓடினீங்களே, வாயத் திறந்து ஏதாவது சொன்னாரா?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நன்றி கிடைக்காதபோது நமக்கு வலிப்பது செலவான பணமோ நேரமோ அல்ல. நாம் பட்ட பாடு அவன் கண்ணில் பட்டதா இல்லையா என்பதே தெரியாமல் போகிறதே, அதுதான் வலி.

ஆனால் நம் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். நெருங்கியவர் நன்றி சொன்னால் “நமக்குள்ள என்ன இதெல்லாம்?” என்று கோபித்துக்கொள்கிறவர்கள் நாம். நாம் மட்டுமல்ல. சிமியன் ஃபிலாய்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகள் பேசுவோரின் அன்றாட உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2018இல் ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ் இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. வீட்டாரும் பழகியவர்களும் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் சிறு உதவிகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்றுக்குத்தான் வாய்விட்டு நன்றி சொல்லப்படுகிறது என்று கண்டார்கள். கேட்டால் செய்வதும், செய்தால் வாங்கிக்கொள்வதும் மனிதர்களின் பொது இயல்பு.

முன்பு நாம் வாழ்ந்த தோட்டத்து லயங்களில் இந்த மௌனம் யாரையும் உறுத்தவில்லை. நம் வீட்டுச் சாவுக்குப் பந்தல் போட்டவன் வீட்டுக் கல்யாணத்தில் நாம் இலை எடுத்தோம். கைம்மாறு கண்ணெதிரே நடந்தது, வாய்ச்சொல் தேவைப்படவில்லை. தோட்டங்கள் தாமான் குடியிருப்புகளாக மாறிய பின் ஆளுக்கொரு ஷிப்ட், ஆளுக்கொரு கேட். செய்கிறவன் செய்துகொண்டே இருக்கவும் வாங்குகிறவன் வாங்கிக்கொண்டே இருக்கவும் வழி பிறந்துவிட்டது. லயத்து மௌனம் நம்மோடு வந்தது, லயத்துக் கைம்மாறு வரவில்லை. ஆகவேதான் அன்று வேண்டாதிருந்த வார்த்தை இன்று வேண்டியிருக்கிறது.

அதற்காக நன்றியைக் கேட்டு வாங்கலாமா? திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அது பெற்றவனின் கடமையைப் பேசுகிறது. கைம்மாறு கருதாத உதவியின் உயர்வைப் பேசுகிறது. போய் நன்றியை வசூல் செய் என்று கொடுத்தவனுக்கு எங்கும் சொல்லவில்லை. கொடுப்பவனுக்குரிய பாடம் 22ஆம் அதிகாரமான ஒப்புரவறிதலில் இருக்கிறது. நாமோ பெற்றவன் படிக்க வேண்டிய அதிகாரத்தை நம் கையில் எடுத்துக்கொண்டு அவனுக்கு வாசித்துக் காட்டுகிறோம்.

நன்றியின் உச்சம் என்று நாம் கொண்டாடுவது கர்ணனை. துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தான். செஞ்சோற்றுக் கடனுக்காகக் கர்ணன் உடன்பிறந்தவர்களை எதிர்த்தே போரிட்டு மாண்டான். ஆனால் நண்பன் அழிவுப் பாதையில் போனபோது கையைப் பிடித்து நிறுத்தும் வலிமை அந்தக் கடன்பட்டவனுக்கு இல்லாமல் போயிற்று. என்னிடம் தலைகுனிந்து நிற்கும் நண்பன் எனக்கு வேண்டாம். “நீ செய்றது தப்புடா” என்று என்னிடமே சொல்லக்கூடியவன் வேண்டும்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டே இருப்பதா? கூடாது. அடக்கி வைத்த மனக்குறை உள்ளேயே புளித்து, என்றாவது ஒரு கல்யாண வீட்டில் மூன்றாம் மனிதரிடம், “நான் இல்லாட்டி அவன் அம்மா கதி என்ன?” என்று வெளியே வரும். அந்த ஒரு வாக்கியம் செய்த உதவி அத்தனையையும் அழித்துவிடும். சொல்லிக்காட்டுவது நாலு பேர் முன்னால் நடக்கும், பட்டியலோடு வரும், வாங்கியவனைச் சிறுமைப்படுத்தும். மனம்விட்டுச் சொல்வதற்கு இருவர் போதும். பட்டியல் வேண்டாம், நமக்கு வலித்த ஒன்றைச் சொன்னால் போதும்.

ஒரு மாலை ஒட்டுக்கடையில் தே தாரிக் வந்ததும் அவனிடம் சொன்னேன்: “உங்கம்மாவ பாத்துக்கிட்டதுக்கு நான் எதுவும் எதிர்பாக்கலடா. எப்படிடா சமாளிச்சேன்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது மனசுல இருக்கு.” அவன் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தான். வெகுநேரம் கழித்து, “கேட்டா அழுதுருவேன்னு பயமா இருந்துச்சு மச்சான். பெத்தவ பக்கத்துல நான் இல்லையே. அத உங்கிட்ட பேசவே வெக்கமா இருந்துச்சு” என்றான்.

வாய் திறக்காதவர்களில் பலர் இந்த ரகம். சிறு உதவிக்கு நன்றி சொல்வது எளிது. பெரிய உதவி வாங்கியவனுக்குத் தன் இயலாமையே நம் முகத்தில் தெரிகிறது.

எல்லாரும் அப்படியல்ல. நம்மை வசதிக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஒருமுறை கோபமில்லாமல் “இந்த வாரம் முடியாதுடா” என்று சொல்லிப் பாருங்கள். நண்பன் “சரி லா” என்று வேறு வழி தேடுவான், மறுநாளும் பேசுவான். மற்றவன் அன்றோடு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்காக வருந்த வேண்டியதில்லை.

உண்மை நண்பனே கேட்டாலும், ஜாமீன் கையெழுத்தில் மட்டும் நட்பை முன்னே விட்டு யோசனையைப் பின்னே வைக்காதீர்கள். 2017 அக்டோபர் 6இல் மலேசியாவில் நடப்புக்கு வந்த திவால் சட்டத் திருத்தம் சமூக ஜாமீன்தாரரைக் காப்பாற்றுகிறது. கல்விக் கடன், சொந்த உபயோகத்துக்கான வாகனத் தவணை, குடியிருக்கும் வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு லாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் கடன் பொறுப்பு அதனால் நீங்கிவிடாது; தொழில் கடனுக்கு அந்தக் காப்பும் இல்லை. பணமாகக் கொடுப்பதானால், திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத அளவுக்கே கொடுங்கள், கொடுத்ததை மறந்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் கடன் என்று சொல்லிக் கொடுங்கள், தேதியும் பேசிக்கொள்ளுங்கள். இதில் கூச்சம் பார்க்கிற இடத்தில்தான் நட்பு முறிகிறது.

கடைசியாக ஒன்று. வாங்கும் இடத்தில் நாமும் இருந்திருக்கிறோம். நெருக்கத்தைச் சாக்காக வைத்து நாமும் சும்மா இருந்துவிட வேண்டாம். உங்களுக்காக ஓடியவர் யாராவது இருந்தால், இன்றைக்கே கூப்பிட்டு, அவர் செய்தது உங்களுக்கு நினைவிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.